கடைசிப் பேருந்திலிருந்து தொடங்குங்கள்: மலைப்பள்ளிகளுக்கு வாசிப்பு நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்குக் கதைப் புத்தகங்களோடு போய்வரும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் நான் வண்டி, நேரம், மூட்டை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறவன். கதை சொல்வதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் குழந்தைகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் எங்கள் சொதப்பல்களில் முக்கால்வாசி நடந்தது. புதிதாக வருகிறவர்களும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. திரும்பும் வண்டியை முதலில் முடிவுசெய்யுங்கள்

எல்லாரும் "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு மேலிருந்து கிளம்ப முடியும் என்பதுதான் முதல் கேள்வி. காலையில் ஒரு பேருந்தை விட்டால் அடுத்ததில் போகலாம். மாலையில் விட்டால் மலையிலேயே தங்க வேண்டியதுதான்.

பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறைக்கு நேரில் போங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். கீழே இறங்கும் கடைசி வண்டி எது? அதற்கு முந்தையது எது? கடைசி வண்டி எந்தெந்த நாள்களில் 'ட்ரிப் கட்' ஆகும்? மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் யாருமே கேட்பதில்லை. திருவிழாவுக்கும் முகூர்த்த நாளுக்கும் வண்டிகளை வேறு தடத்துக்குத் திருப்பிவிடும்போது முதலில் கைவைப்பது மலைத்தடத்து ட்ரிப்பில்தான். அதை யாரும் அறிவித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதே தடத்தில் ஓடும் கண்டக்டரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பலகையில் எழுதியிருக்கும் நேரமும் அவர் சொல்லும் நேரமும் வேறாக இருந்தால் அவரை நம்புங்கள்.

எங்கள் விதி ஒன்றுதான்: கடைசி வண்டி நம் வண்டி கிடையாது. அதற்கு முந்தையதுதான் நம் வண்டி. கடைசி வண்டி மாலை 5 மணி, முந்தையது 2.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து நிறுத்தத்துக்கு இருபது நிமிட நடை. ஆகவே 2 மணிக்குப் பள்ளியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். 12.30-க்குச் சத்துணவு. சாப்பிட்டுக் கை கழுவி உட்கார 1.15 ஆகும். அப்படியானால் முக்கியமான வாசிப்பு காலை 10-க்கும் 12.15-க்கும் நடுவில் நடந்தாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு கிடைப்பது வெறும் முக்கால் மணி நேரம். நிகழ்ச்சித் திட்டத்தை இங்கிருந்துதான் எழுத ஆரம்பிக்க வேண்டும். பலரும் ஐந்து மணி நேரத்துக்கு அழகாகத் திட்டம் போட்டுவிட்டு, அப்புறம் பேருந்தைத் தேடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு ஒரே வண்டிதான் என்றால், வாடகை வண்டி பேசுங்கள், அல்லது முதல் நாள் மாலை நைட் ஹால்ட் பஸ்ஸில் போய் அங்கேயே தங்குங்கள். அந்த வண்டி இரவு ஊரில் நின்று விடியற்காலையில் கீழே இறங்கும். தங்குவது என்றால், எங்கே தங்குவது என்பதைப் பேருந்தில் ஏறிய பிறகு யோசிக்கக் கூடாது.

2. பள்ளி எந்தத் துறையுடையது என்று கேளுங்கள்

இதில் பயணம் எங்கே வந்தது என்று தோன்றலாம். நாங்கள் ஒருமுறை எல்லா வளைவுகளையும் ஏறிப் போய், கையில் அனுமதிக் கடிதத்தோடு, பள்ளி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம். கடிதம் சரியானதுதான், அது வேறு துறையின் கடிதம்.

ஜவ்வாது மலையில் மூன்று வகை அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வரும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகப் போக வேண்டும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையைச் சேர்ந்தவை. மூன்றாவது வகை, வனத்துறையே நடத்தும் பள்ளிகள். வெளியூர்க்காரர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே சாலையில் நாலு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு வேறு அலுவலகங்களில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கலாம்.

தலைமை ஆசிரியரிடம் போனில் "சார், உங்க ஸ்கூல் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டால் பத்து வினாடியில் தெரிந்துவிடும். கடிதத்தில் வருகிறவர்களின் பெயர், தேதி, நேரம் மூன்றும் இருக்கட்டும். "ஒரு நாள் வருவோம்" என்று வாங்கிய அனுமதி, நீங்கள் போகிற அன்று பொறுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு வெறும் காகிதம்தான். அவர் மேல் கோபப்படாதீர்கள். குழந்தைகளுக்குப் பொறுப்பு அவர். அடையாளம் தெரியாத ஐந்து பேரை உள்ளே விடாமல் இருப்பது அவர் வேலையில் சேர்ந்தது.

3. நாள் குறிக்க மூன்று காலண்டர்கள்

தன்னார்வலர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமைதான் வசதி என்பார்கள். சனிக்கிழமை பள்ளி வேலை நாளா என்பது ஒவ்வொரு வாரமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆக, வார நாளில் விடுப்பு எடுத்துத்தான் வர வேண்டும். விடுப்பு எடுத்து வந்தவரை வெறும் பூட்டைப் பார்க்க வைத்தால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

முதலில் பள்ளியின் காலண்டர். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு. ஆசிரியர்களுக்குக் குறுவள மையத்தில் (சி.ஆர்.சி.) பயிற்சி இருக்கும் நாள்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கும் இன்னொருவர் தேர்தல் பணிக்கும் போய்விட்டால், பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர்தான் இருப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது. மாவட்டத்துக்கான உள்ளூர் விடுமுறைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சடித்த அரசு விடுமுறைப் பட்டியலில் அவை இருக்காது.

இரண்டாவது ஊர்க் காலண்டர். ஆடியில் கூழ் ஊற்றும் நாள், குலதெய்வத் திருவிழா, சாமை அறுவடை, மாசி பங்குனியில் புளி உலுக்கும் வாரங்கள். பள்ளி திறந்திருக்கும், பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வானத்துக் காலண்டர் என்று நாங்கள் கேலியாகச் சொல்வோம். அதில் இரண்டு சங்கதிகள். ஒன்று மழை. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாவட்ட ஆட்சியர் காலையில்தான் விடுமுறை அறிவிப்பார் என்ற நிலை அடிக்கடி வரும். நாம் அதற்குள் பாதி வழி வந்திருப்போம். இந்த மூன்று மாதங்களில் வெளியூர்க் குழுவைக் கூப்பிடாதீர்கள், அதே மாவட்டத்துக்காரர்களை வைத்து நடத்துங்கள். இன்னொன்று பௌர்ணமி. திருவண்ணாமலை வழியாக வருகிறவர்கள் கிரிவல நாளில் பயணம் வைத்தால் தொலைந்தார்கள். பேருந்துகள் நிரம்பி வழியும், நகருக்குள் வழி மாற்றிவிட்டிருப்பார்கள், தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். கார்த்திகை தீபம் வரும் வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சென்னையிலிருந்து வந்த ஒரு குழு ஒரு பௌர்ணமியன்று காலையிலேயே மலையடிவாரத்துப் போளூரில் இருக்க வேண்டியது, பகல் பன்னிரண்டுக்குத்தான் வந்து இறங்கியது. அன்றைக்கு அவர்கள் மலையேறவே இல்லை. தினசரிக் காலண்டரைக் கிழிக்கிற வீட்டில் பிறந்த எனக்கு அது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

4. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்

மலையில் 'மேல்', 'கீழ்', 'புதூர்' என்று முன்னும் பின்னும் ஒட்டிய பெயர்கள் ஏராளம். போன் மேப்பில் பெயரை அடித்தால் முதலில் வருவது நம் ஊராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பைக்குகள் மேல் ஊருக்கும் ஒரு கார் கீழ் ஊருக்கும் போய்ச் சேர்ந்த காலை ஒன்று எங்களுக்கு உண்டு. புத்தகம் காரில், கதை சொல்கிறவர்கள் பைக்கில்.

ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் எண் என்று 11 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கிறது. பட்டியலில் பெயரோடு அதையும் எழுதுங்கள். அலுவலகத்திலோ ஆசிரியர்களிடமோ பேசும்போது குழப்பமே வராது. அப்புறம் தலைமை ஆசிரியரைப் பள்ளி வாசலில் நின்று வாட்ஸப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து அனுப்பினால் அவர் வீட்டுக்குத்தான் போவீர்கள். இதுவும் நடந்திருக்கிறது. நல்ல காபி கிடைத்தது, அது வேறு.

மேப்பை அடிவாரத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் வந்து வந்து போகும். மேப் காட்டும் குறுக்குவழியை மலையில் ஒருபோதும் எடுக்காதீர்கள். காட்டுக்குள் போகும் மாட்டு வண்டித் தடமும் அதற்குச் சாலைதான். ஐந்து கிலோமீட்டர் மிச்சம் என்று சொல்லும். பாதியில் ஓடை வரும்.

5. மேலே ஒரு ஆள், சீக்கிரம் எழுகிற ஆள்

மரம் விழுந்திருக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா, முதல் பேருந்து வந்ததா என்று காலை ஆறரைக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். தலைமை ஆசிரியரைக் கேட்டுப் பயனில்லை. பல ஆசிரியர்கள் அடிவார ஊர்களிலிருந்து நம்மைப் போலவே ஏறி வருகிறவர்கள். அவருக்கும் அந்நேரம் ஒன்றும் தெரியாது.

நாங்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது: காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்கும் அக்காதான் அந்த ஆள். 2023 ஆகஸ்ட் 25 முதல் அந்தத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆசிரியர்களுக்கு முன்பே, விடியும்போதே பள்ளிக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவர்கள் அவர்கள். அதே ஊர்க்காரர்கள், மகளிர் குழு உறுப்பினர்கள். மழை விடுமுறை என்றாலும் அவர்களுக்குத் தகவல் சீக்கிரம் போய்விடும், இல்லாவிட்டால் சமைத்தது வீணாகும் அல்லவா? தலைமை ஆசிரியரின் அனுமதியோடு அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறை போகும்போது தலைமை ஆசிரியரே அறிமுகப்படுத்திவைத்தால் நல்லது. "அக்கா, ரோடு எப்படி இருக்கு?" என்ற ஒரு கேள்வி எங்களுக்கு மூன்று பயணங்களை மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது ஆளாகப் பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர். அவர் எண்ணும் இருக்கட்டும்.

6. புத்தக மூட்டை

புதியவர்கள் செய்யும் தவறு, எல்லாப் புத்தகத்தையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடுக்குவது. மெல்லிய படக்கதைப் புத்தகங்கள் நூறு சேர்ந்தால் ஏழெட்டு கிலோ சாதாரணமாக வரும். கொஞ்சம் தடித்தவை சேர்ந்தால் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில் நடக்கும்போது அட்டைப்பெட்டியின் அடி கழன்றுவிடும். நம்புங்கள்.

ஆளுக்கு ஒரு தோள்பை, ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பையிலும் எல்லா நிலைப் புத்தகங்களும் கலந்து இருக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கான புத்தகமெல்லாம் ஒரே பையில் இருந்து, அந்தப் பைக்காரர் பேருந்தை விட்டுவிட்டால், அன்றைக்கு ஒன்றாம் வகுப்புக்கு ஒன்றும் இல்லை. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி இருக்கிறது. பள்ளியில் அவை இருக்கும் என்பதால் அதே பிரிவில் நம் புத்தகங்களுக்கும் நிறப் புள்ளி ஒட்டிவிட்டோம். ஆசிரியர்களுக்கும் புரிகிறது.

மழைக்கு, பைக்குள்ளே ஒரு தடித்த பாலிதீன் பை, அதற்குள் புத்தகம். வெளியே போடும் மழை உறை மட்டும் போதாது, முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பேருந்தின் கூரையில் மூட்டையை ஏற்றவே ஏற்றாதீர்கள். லக்கேஜ் டிக்கெட் கேட்டால் வாங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

நனைந்துவிட்டால் என்ன செய்வது? வழவழப்பான தாளில் அச்சான படக்கதைகளை ஈரத்தோடு மூடி வைத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் படம் உரிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் எழுதாத வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக்கு அடியில் விரித்து நிறுத்துங்கள். செய்தித்தாள் மை இறக்கும். வெயிலில் போட்டால் அட்டை வளையும். எல்லாவற்றையும் ஒரே இரவில் பிரிக்க ஆளில்லை என்றால், வழவழப்பானவற்றை முதலில் பாருங்கள். சாதாரணத் தாள் காத்திருக்கும்.

7. யார் எதில் வருவது

அடிவாரம் வரை ரயிலோ பேருந்தோ, அங்கிருந்து எல்லாரும் ஒரே வண்டி. இதுதான் எங்கள் முறை. போளூரிலேயே ரயில் நிலையம் இருப்பதால் காட்பாடி, விழுப்புரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதி. சென்னைக்காரர்கள் எங்கிருந்து ஏறுகிறார்கள் என்பதைப் பேருந்து நிலையத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் உறுதி செய்யுங்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்த பிறகும் 'பஸ் ஸ்டாண்ட்' என்றால் கோயம்பேடு என்றே மனத்தில் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று பேர் கிளாம்பாக்கத்திலும் ஒருவர் கோயம்பேட்டிலும் காலை 5 மணிக்கு நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் "நான் வந்துட்டேன், நீங்க எங்க?" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டு மட்டும். தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரை டீசல் காசும் கூடக் கொஞ்சமும் வாங்கிக்கொண்டு ஓட்டுவார். விபத்து நேர்ந்தால், வாடகைக்கு ஓட்டிய சொந்த வண்டிக்குக் காப்பீட்டில் பணம் வராமல் போகலாம். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப்போய் அந்தச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

குட்டி யானையின் பின்னால் ஏறாதீர்கள். மலையில் அது சகஜம், ஊர்க்காரர்கள் அன்போடு "ஏறிக்குங்க" என்பார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டிருக்கும் ஆள்களின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஓட்டுநர் கையில் ஒன்றும் இல்லை. மூட்டையை மட்டும் ஏற்றிவிட்டு நடந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். வருத்தப்பட மாட்டார்கள்.

பைக்கில்தான் வருவேன் என்பவர்களுக்கு: பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட். பெட்ரோலை அடிவாரத்தில் நிரப்பிவிட வேண்டும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும், சூடேறினால் பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். ஒரு கிளட்ச் கேபிள் கூட வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்ட மலையில் ஆள் கிடைப்பார், உங்கள் வண்டிக்கான கேபிள் கிடைக்காது.

8. மலை ஏறும் காலை

போளூரிலிருந்து மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். அதனால் ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போடுவார்கள். பேருந்தில் ஒன்றரை மணி நேரமாவது வையுங்கள். அங்கிருந்து உள் கிராமத்துக்கு இன்னொரு வண்டி அல்லது நடை.

கிளம்புவதற்கு முன் அடிவாரத்தில் மூன்று வேலைகளை முடியுங்கள். கழிவறை முதல் வேலை. மலைப்பாதையில் இடையில் எங்கும் நிறுத்த வசதி இல்லை. பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், மதியம் தலைவலியில் சுருண்டுவிடுவார்கள். அதனால் ஒருங்கிணைப்பாளரே "பத்து நிமிஷம், எல்லாரும் போயிட்டு வாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது சில்லறை. சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது. மூன்றாவது, குழுவில் இல்லாத ஒருவருக்கு, வீட்டில் இருக்கும் ஒருவருக்கு, "ஏறுகிறோம், இத்தனை பேர், இந்த வண்டி, மாலை இத்தனை மணிக்கு இறங்குவோம்" என்று செய்தி. அந்த மணியைத் தாண்டி ஒரு மணி நேரமாகியும் தகவல் இல்லையென்றால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

வாந்தி. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் எங்கள் அனுபவத்தில் நாலில் ஒருவருக்கு வருகிறது. வெறும் வயிற்றில் வந்தாலும் வரும், பூரி மசால் தின்றுவிட்டு வந்தாலும் வரும். இரண்டு இட்லி போதும். பேருந்தில் முன்பக்கம், ஜன்னலோரம். போன் பார்க்கக் கூடாது. முக்கியமாக, போகிற வழியில் "ஒருமுறை கதையைப் படிச்சுப் பாத்துக்கிறேன்" என்று புத்தகத்தைத் திறக்கக் கூடாது, நேராக வாந்தியில்தான் முடியும். மாத்திரை வேண்டுமென்றால் முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பலவற்றுக்குத் தூக்கம் வரும். வண்டி ஓட்டுகிறவர் போடவே கூடாது. கதை சொல்கிறவரும் தூங்கி வழிந்துகொண்டு நிற்பார்.

9. தாமதமாகப் போய்ச் சேர்ந்தால்

தாமதமாக வந்த குழு வழக்கமாகச் செய்யும் தவறு, மீதி நேரத்தில் முழுத் திட்டத்தையும் ஓட்டப் பார்ப்பது. அறிமுகம், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றையும் அவசரமாக முடித்து, கடைசியில் வாசிப்புக்குப் பத்து நிமிடம்.

முதலில் ஒரே ஒரு கதையை எல்லாரையும் உட்காரவைத்து வாசியுங்கள். புத்தகத்தைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். பிரித்துக் கொடுக்கவே பதினைந்து நிமிடம் போகும், அப்புறம் திரும்ப வாங்க இன்னொரு பதினைந்து. நாற்பது நிமிடம் இருந்தால் ஒரு கதை, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. மிச்சம் இருந்தால் புத்தகம். முதல் கதை முடிந்துவிட்டால் அப்புறம் எது நின்றாலும் அன்றைய நாள் வீணில்லை.

சத்துணவு நேரத்தைத் தொடாதீர்கள். "இன்னும் ஐந்து நிமிஷம்" என்று கேட்டால் ஆசிரியர் மறுக்க மாட்டார், பிள்ளைகள் பசியோடு உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதேபோல, பள்ளி விட்ட பிறகும் நிறுத்தாதீர்கள். உள்காட்டுக் குடிசைகளுக்குக் கூட்டமாக நடந்து போகிற பிள்ளைகள் உண்டு. உங்களால் பின்தங்கியவன் தனியாகப் போக வேண்டியிருக்கும்.

10. போகவே முடியாவிட்டால்

பள்ளிக்கு 9 மணிக்கு முன்னால் தகவல் போயாக வேண்டும். "முயற்சி பண்றோம், பாக்கலாம்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஆசிரியர் பாடத்தைத் தொடங்காமல் காத்திருப்பார், பிள்ளைகள் மதியம் வரை சாலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எட்டரை மணிக்கு நீங்கள் அடிவாரத்தைத் தாண்டியிருக்கவில்லை என்றால், வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் வழி திறந்தாலும் போகாதீர்கள்.

இதற்காகவே ஒவ்வொரு பள்ளியிலும் இருபது புத்தகங்கள் கொண்ட ஒரு டிரங்குப் பெட்டியை விட்டு வைத்திருக்கிறோம். நாங்கள் வராத நாளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டுவது ஏற்பாடு. பெட்டியின் சாவி பீரோவுக்குள் போய்விடக் கூடாது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். புத்தகம் கிழிந்தால் தன் தலையில் விழும் என்று அவர் பயப்படுவது நியாயம்தான். "கிழிஞ்சா கிழியட்டும், கணக்குக் கேட்க மாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறோம்.

11. மேலேயே மாட்டிக்கொண்டால்

மழையில் பாதை அடைத்துவிட்டது, வண்டி வரவில்லை, இருட்டுகிறது. நடந்து இறங்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். மழைக்கால இருட்டில் பாம்பு, கரடி, சரிந்து கிடக்கும் மண், எல்லாம் அந்தப் பாதையில்தான்.

பள்ளிக்கே திரும்புங்கள். தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் இருவருக்கும் சொல்லி அவர்கள் காட்டும் இடத்தில் தங்குங்கள். யாரும் தனியாக ஒரு வீட்டில் தங்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேர். பாதை அடைப்பு பற்றி மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்குச் சொல்லலாம். சாப்பாட்டுக்கு அவர்களைச் சிரமப்படுத்த வேண்டியிருக்கும். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் எங்கள் பையில் இரண்டு கிலோ அரிசியும் கொஞ்சம் பருப்பும் இருக்கும். தேவைப்படாவிட்டால் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடித்த உறுப்பை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உள் குக்கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வர முடியாத இடங்கள் இருப்பதால், எந்த நிறுத்தம் வரை நாம் தூக்கிவர வேண்டும் என்பதை ஊர்க்காரர்களிடம் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி. சிராய்ப்புதானே என்று ஊர் திரும்பும் வரை தள்ளிப் போடாதீர்கள்.

12. அன்றிரவே நோட்டில் எழுதுங்கள்

வீட்டுக்கு வந்ததும் ஐந்து வரி. எந்த வண்டி எப்போது வந்தது, பள்ளியில் எத்தனை மணிக்கு நுழைந்தோம், எத்தனை மணிக்கு வெளியேறினோம், எது தவறியது, யாரைக் கூப்பிட்டபோது எடுத்தார்கள். மறுநாள் எழுதினால் கதையாகிவிடும், நேரம் மறந்திருக்கும்.

இரண்டு வருட நோட்டைப் புரட்டியபோது, ஒரு பள்ளிக்கு மட்டும் மதிய வண்டி ஆறு முறை வராமல் இருந்திருக்கிறது. ஆறும் வெள்ளிக்கிழமை. கண்டக்டரிடம் கேட்டோம். "வெள்ளிக்கிழமை அந்த வண்டி கோயில் ஸ்பெஷலுக்குப் போயிடும் சார், தெரியாதா?" என்றார். இப்போது அந்தப் பள்ளிக்கு வியாழக்கிழமைகளில் போகிறோம்.